சிஞ்ஞோராவின் ஃபீப்ரா அசியெண்டா

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சிசிலியில் நாங்கள் வசிக்கும் நகரின் கால்சாப் பகுதியில், கடலைப் பார்த்த பழைய மாளிகை ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் முதிய சீமாட்டி, நாங்கள் சிஞ்ஞோரா என்று மரியாதையாக அழைப்பவர், தன் வீட்டு வேலைகளைப் பார்க்கும் என் அம்மாவிடம், உன் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

2. அம்மா "ஃபீப்ரா" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். தொடர்மாடிகளுக்கு இணையக் கேபிள் கொண்டுபோகும் நிறுவனம் ஒன்றில், கேபிள் போகவேண்டிய வழியை அளந்து வரைவது என் வேலை. அந்தக் கண்ணாடி இழைக் கேபிளை இங்கே எல்லோரும் ஃபீப்ரா என்றுதான் சொல்வார்கள். நாருக்கும் தும்புக்கும் அதே சொல்தான்.

3. சிஞ்ஞோரா கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எங்களிடமும் ஒரு ஃபீப்ரா அசியெண்டா இருக்கிறது, உன் மகள் அதை வந்து பார்க்கவேண்டும் என்றார். அவர் சொன்ன அசியெண்டா ஒரு ஸ்பானியச் சொல். பெருந்தோட்டமும் அதன் நடுவே ஆலையும் வீடும் சேர்ந்த பண்ணைக்குப் பெயர்.

4. அம்மாவின் காதில் அது இத்தாலியச் சொல்லான அட்சியெண்டாவாக விழுந்தது. அதற்கு நிறுவனம் என்று பொருள்.

5. அன்று பின்னேரம், அதே நகரின் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே அம்மா அறிவித்தார்: "சிஞ்ஞோரான்ர ஆக்களிட்டை இன்டர்நெட் கொம்பனி இருக்காம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். நான் ஓம் எண்டிட்டன்."

6. என் வேலை ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவது. அம்மாவுக்கு அது நெடுநாள் கவலை. ஆகவே நான் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி, என் தகைமைகளை இரண்டு தாள்களில் அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்றேன்.

காரை ஓட்டி வந்தவர் சிஞ்ஞோராவின் மகன். பல் வைத்தியர். ஞாயிற்றுக்கிழமையைத் தாயாருக்காக விட்டுக்கொடுத்த மனிதருக்குரிய பொறுமையுடன், அம்மா கொண்டுவந்த சாப்பாட்டுப் பையை வாங்கிப் பின்பக்கம் வைத்தார். சிஞ்ஞோரா முன் இருக்கையில் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு இருந்தார். நாங்கள் இருவரும் பின்னால். என் வேலைப் பையும் என்னோடு இருந்தது. அளக்கும் கருவிகளை நான் வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை.

நகரின் ஓரத்திலிருந்த பிரான்காச்சோவின் தொடர்மாடிகளைக் கடக்கும்போது சிஞ்ஞோரா திரும்பாமலே என்னிடம் கேட்டார். எந்த ஃபீப்ராவில் வேலை செய்கிறேன்? சணலா, பருத்தியா, இல்லை கத்தாழையா? நான் கண்ணாடி என்றேன். அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, கண்ணாடியிலிருந்து எப்படி நார் உரிப்பார்கள் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

மகன் சிரித்த சிரிப்பில் கார் வேகம் குறைந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"ஏன் பிள்ளை அந்த மனுசன் சிரிக்குது?" என்று அம்மா தமிழில் கேட்டார்.

"அம்மா, இவையிட்டை இருக்கிறது இன்டர்நெட் கொம்பனி இல்லை. கத்தாழைத் தும்பு எடுக்கிற பழைய ஆலை."

"தும்போ? கயிறு திரிக்கிற தும்போ?"

"ஓம்."

அம்மா என் மடியிலிருந்த கோப்பைத் தன் கைப்பையின் அடியில் தள்ளினார். "அப்ப உந்தக் கடுதாசியளை வெளியிலை எடுத்துப்போடாதை. வெக்கக்கேடு."

சிரிப்பு அடங்கியதும் மகன் விஷயத்தைச் சொன்னார். அவர் குரலில் கேலி இருந்தது, கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பண்ணையின் கட்டடங்கள் ஆபத்தான நிலையில் இருப்பதால் ஒன்றில் திருத்துங்கள், அல்லது இடியுங்கள் என்று நகரசபை அறிவித்திருந்தது. நிலத்தை வாங்க ஒருவர் தயாராக இருந்தார். நடுவில் நிற்கும் நீளக் கொட்டகை அவருக்கு வேண்டாம். பழைய வரைபடத்தில் அந்தக் கொட்டகையின் மேல் ‘ஸ்டாலா’ என்று எழுதியிருந்தது, மாட்டுத்தொழுவம். தொழுவம் என்றால் அதை இடிக்கச் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும், பழைய ஆலை என்றால் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகம் தலையிடும் என்றார். சொந்தக்காரர் சிஞ்ஞோரா. சம்மதப் பத்திரம் காரிலேயே இருந்தது.

சிஞ்ஞோரா கையொப்பமிட மறுத்து வந்தார். அது தொழுவம் அல்ல, அங்கேதான் இயந்திரங்கள் ஓடின என்பது அவர் நினைவு. ஆனால் அவர் நடக்கத் தொடங்கிய காலத்திலேயே ஆலை நின்றுவிட்டது. இயந்திரங்களை அவரே பார்த்தாரா, தகப்பன் சொல்லக் கேட்டாரா, அல்லது கேட்டதைப் பிறகு தானே வளர்த்துக்கொண்டாரா என்று அவருக்கு நிச்சயமில்லை. ஃபீப்ரா தெரிந்த ஒருவர் வந்து பார்த்துத் தொழுவம் என்று சொன்னால் அன்றைக்கே கையெழுத்து வைப்பதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒருவர் நான்தான்.

எனக்குக் கத்தாழையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது கேட்பதே முறை என்றும் சொன்னேன். கார் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா இப்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ வேலைக்கு ஒரு கட்டடத்துக்குப் போனால் முதலிலை என்ன பாப்பாய்?"

எங்கே நுழைவது, எந்த வழியாகப் போவது, எங்கே வெளியேறுவது என்று பார்ப்பேன் என்றேன். சீசாவில் எந்தத் தொடர்மாடியின் நிலக்கீழ் அறைக்குள் இறங்கினாலும் என் கேள்விகள் அந்த மூன்றுதான்.

"அப்ப அதையே பார்," என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பண்ணைக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். நாங்கள் மேல் வாசலில் இறங்கினோம். கதவு இல்லை, வளைவு மட்டும் நின்றது. வளைவுக்கு அப்பால் சரிவு முழுவதும் கத்தாழை. சிசிலிக்காரர் சப்பாரா என்று சொல்லும் பெரிய இனம். ஆள் உயரத்துக்குச் சாம்பல் நீல மடல்கள், நடுவே சிலவற்றில் மின்கம்பம் போல் பூத்தண்டு. யாரும் நடாமல், யாரும் வெட்டாமல், மதில்களுக்கு உள்ளேயும் ஏறி வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே கூரையிழந்த வீடு, பாதி உடைந்த புகைபோக்கி, அதற்குக் கீழே அந்த நீளக் கொட்டகை.

அம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"இதோ அசியெண்டா? கூரையும் இல்லை. இதிலை உனக்கு என்ன வேலை தரப்போயினம்?"

சிஞ்ஞோராவின் பாட்டனார் இளவயதில் மெக்சிக்கோவுக்குப் போய் அங்கே ஒரு தும்புப் பண்ணையில் கணக்கெழுதியவர் என்று மகன் சொன்னார். திரும்பி வந்தபோது, இங்கே வேலிக்கு மட்டும் நட்ட சப்பாராவை அவர் வேறு கண்ணால் பார்த்தார். ஆலையைக் கட்டி, அதற்கு மெக்சிக்கோவில் சொல்வதுபோல் அசியெண்டா என்று பெயரும் வைத்தார். ஊரில் சிரித்தார்கள். அதைச் சொல்லும்போது மகனும் சிரித்தார். பாட்டனார் தோற்றுப்போன மனிதர் என்பதுதான் குடும்பத்தில் வழங்கிய கதை.

நான் என் மூன்று கேள்விகளுடன் மேல் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டனார் மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று.

மேல் வாசலுக்குள் கல் பாவிய ஒரு மேடை. அதன் விளிம்பு வண்டியின் தட்டு உயரத்துக்கு இருந்தது. வண்டியிலிருந்து எதையும் தூக்கி இறக்கத் தேவையில்லை, தள்ளினால் போதும். மேடையின் மறு விளிம்பிலிருந்து ஒரு கல் சறுக்கு கொட்டகையின் மேல் சுவருக்குப் போயிற்று. கல் நடுவில் தேய்ந்து, பாத்திரத்தின் அடிபோல் வழவழவென்றிருந்தது. சறுக்கு முடிந்த இடத்தில் சுவரில் அகலமான, உயரம் குறைந்த ஒரு திறப்பு. அதற்குள் மாடு நுழைய முடியாது. கத்தாழை மடல் நுழையும். முன்னால் முளைத்திருந்த கத்தாழையில் ஒரு மடலின் அடியை நான் அளந்து பார்த்தேன். தாராளமாக நுழையும்.

மடலில் பெரும்பங்கு தண்ணீரும் சதையும்தான். நார் கொஞ்சம். பாரமான மடல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து இறங்குகிறது. கீழே போகப் போகச் சுமை குறைகிறது. கீழ் வாசலுக்கு வந்து சேர்வது காய்ந்த நார் மட்டும். தண்ணீரும் அதே சரிவில், அதே திசையில், மேலிருந்த ஊற்றிலிருந்து கல் வாய்க்கால் வழியாக வந்தது. எந்த இடத்திலும் ஒரு மனிதர் ஈரச் சுமையோடு மேலே ஏறவேண்டியதில்லை. மலைச்சரிவை ஒரு இயந்திரமாக ஆக்கியிருந்தார் அவர். நாங்கள் கணினியில் நாலு தடவை வரைந்து திருத்தியும் ஒரு கேபிளைச் சில வீடுகளுக்கு இவ்வளவு நேராகக் கொண்டுபோக முடிவதில்லை.

ஆனால் கேள்வி கொட்டகையைப் பற்றியது. மகன் உள்ளே வந்து தன் பக்கத்து ஆதாரங்களைக் காட்டினார். சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையங்கள். கீழ்ச் சுவரோரம் இரண்டு தீவனத் தொட்டிகள். அவை உண்மையானவை. வளையங்களில் கயிறு தேய்ந்த அடையாளம்கூட இருந்தது.

"பாத்தீங்களோ, எஞ்சினியர்?" என்றார். "பாட்டனாற்ர கனவிலை மாடு வைக்கோல் திண்டிருக்குது."

நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிகள் இரண்டும் ஒரே அளவான இரண்டு துளைகளை அடைத்துக் கட்டப்பட்டிருந்தன. கீழ்ச் சுவர் நெடுகிலும், தரையோடு தரையாக, அதே மாதிரித் துளைகள் சம இடைவெளியில் இருந்தன. மற்றவை அடைக்கப்படவில்லை, மண்ணும் சுள்ளியும்தான் நிறைந்திருந்தன. ஒன்றைக் கையால் துப்பரவாக்கினேன். உள்ளே கல் வெளிப்பக்கம் சரிந்தது. அம்மாவின் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அதற்குள் ஊற்றினேன்.

"அது குடிக்கிற தண்ணி, பிள்ளை," என்றார் அம்மா.

தண்ணீர் துளை வழியே ஓடி, வெளியே ஒரு கான் போன்ற பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. மகன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேற்சட்டையைக் கழற்றி வளையம் ஒன்றில் மாட்டினார். தீவனத்தை யாரும் வெளியே ஓடும்படி வைப்பதில்லை. வெளியே ஓடவேண்டியது மடலைச் சுரண்டும்போது நாரை விட்டுப் பிரியும் சதைக் கூழ்.

பிறகு மேலே பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல், அதே சுவரில் பதித்த இரும்புத் தாங்கிகள். சிலது துருப்பிடித்துக் கட்டையாகிவிட்டன, சிலது முழுதாக இருந்தன. மட்டம் பார்க்கும் லேசரைப் பையிலிருந்து எடுத்து முக்காலியில் பொருத்தி நிறுத்தினேன். மகனை மறுகோடியில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். பல் வைத்தியருக்குக் கை அசையாமல் நிற்பது பழக்கம். சிவப்புக் கோடு ஒரு தாங்கியின் அடியைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது, அதற்கடுத்ததையும் தொட்டது. கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரல் அகலம்கூட விலகல் இல்லை. கூரை போய், மழை குடித்து, நிலம் எத்தனையோ தடவை அதிர்ந்த சுவர் அது. அந்தத் தாங்கிகளைப் பதித்தவர்களின் கையை நினைத்து, நான் லேசரை அணைக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரே மட்டத்தில் இத்தனை தாங்கிகள் ஒரு நீண்ட இரும்புத் தண்டுக்காகத்தான் இருக்க முடியும். புகைபோக்கிப் பக்கம் நீராவி இயந்திரம் அந்தத் தண்டைச் சுழற்றும், தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் கீழே இறங்கி ஒவ்வொரு சுரண்டும் சக்கரத்தையும் சுழற்றும். ஒவ்வொரு தாங்கிக்கும் நேர்கீழே ஒரு துளை இருந்தது.

அம்மா இதற்குள் கொட்டகை வாசலில் மடக்குக் கதிரையை விரித்துச் சிஞ்ஞோராவை இருத்தி, கட்லட்டும் றோல்ஸும் எடுத்துவைத்திருந்தார். என்னைக் காட்டி அவரிடம் தன் இத்தாலியனில் முறையிட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலும் இப்படித்தான், பல்பு மாற்றச் சொன்னால் வயர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சுவரைத் தட்டுவாள், அதுவரைக்கும் நாங்கள் இருட்டுக்குள் இருக்கவேண்டும். சிஞ்ஞோரா கட்லட்டின் உறைப்புக்கு மூக்கைத் துடைத்தபடி தலையாட்டினார். ஆனால் அவர் கண் என்னைவிட்டு விலகவில்லை.

நான் வந்து அவர் முன் குந்தியிருந்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன், பிறகு அந்த வரிசையை விட்டுவிட்டேன். மாடு இருந்ததா, இல்லையா என்று அவரே கேட்டார்.

இருந்தது என்றேன். பின்னாளில். தொழுவம் என்று எழுதியவர் பொய் எழுதவில்லை, தான் கண்டதை எழுதியிருக்கிறார். ஆனால் இது தொழுவமாகக் கட்டப்படவில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இயந்திரங்கள் நிற்பதற்காகக் கட்டப்பட்டது.

"ஒரு கோடியிலையிருந்து மறுகோடி மட்டும்," என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "அப்பா அப்பிடியேதான் சொன்னவர். இதே வார்த்தையள்." பிறகு என்னிடம் அல்ல, மகனிடம் சொன்னார்: "பேனையை உள்ளை வை."

மகன் பேனை எதையும் வெளியே எடுத்திருக்கவில்லை. ஆனாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் தோற்றதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா நீட்டிய றோல்ஸைக் கடித்தபடி கொட்டகைக்குள் திரும்பிப் போய், தாங்கிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். வாங்குபவரிடம் தான் என்ன சொல்வது என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். உண்மையைச் சொல் என்றார் சிஞ்ஞோரா. உண்மையை நிலம் வாங்குகிறவர்கள் விரும்புவதில்லை அம்மா என்றார் மகன்.

உற்சாக மிகுதியில் நான் ஒரு பிழையும் விட்டேன். கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த பெரிய நீர்த்தொட்டியைக் காட்டி, நாரைக் கழுவியது இங்கேதான் என்று விளக்கத் தொடங்கிவிட்டேன். சிஞ்ஞோரா வாய்விட்டுச் சிரித்தார். அது எலுமிச்சைக்குத் தண்ணீர் விடப் பிறகு கட்டிய தொட்டி, அதில்தான் அவரும் தங்கைகளும் கோடையில் குளித்தார்கள். கழுவும் தொட்டிகள் முட்பற்றைக்குக் கீழே கிடந்தன. கைத்தடியால் அவர் காட்டிய இடத்தில் மகனும் நானும் பற்றையை விலக்க, கல் விளிம்பு தெரிந்தது. கொட்டகைக்கும் கீழ் வாசலுக்கும் இடையில், அது இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. நான் வரிசையைச் சரியாகப் பார்த்திருந்தால் தேடியே இருக்கவேண்டிய இடம்.

திரும்பும் வழியில் பிரான்காச்சோ வந்ததும் அம்மா சொன்னார்:

"நல்லாக் கட்டித்தான் வைச்சிருக்கிறாங்கள், என்ன. துளையும் தாங்கியும் நேருக்கு நேர்."

"ஓம் அம்மா."

"எண்டாலும் சம்பளம் குடுக்க அங்கை ஆக்கள் இல்லை."

அதன் பிறகு நான் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போனேன். பெரும்பாலும் மகன்தான் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் தடவை பற்றை வெட்டும் கத்தியும் கொண்டுவந்தார். மடல் நுழையும் மேடையிலிருந்து நார் வெளியேறும் கீழ் வாசல் வரைக்கும் முழுவதையும் அளந்து வரைந்தேன். நார் காயப்போட்ட கம்பிகளைத் தாங்கிய கல் தூண்கள் கத்தாழைகளுக்குள் மறைந்து நின்றன. அவற்றையும் வரைந்தேன். என் படிப்பு தொலைத்தொடர்பில் என்பதால் கட்டட வரைபடத்தில் நான் கையொப்பமிட முடியாது. அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரை மகன் ஏற்பாடு செய்தார். அவர் என் அளவுகளைத் தானும் சரிபார்த்துக் கையொப்பமிட்டார். புகைபோக்கியின் மேற்பகுதி உண்மையிலேயே ஆபத்தானது என்று நான் சொன்னபோது சிஞ்ஞோரா ஒரு வாரம் அம்மாவிடம்கூட என்னைப் பற்றி விசாரிக்கவில்லை. பிறகு அதை மட்டும் இறக்கச் சம்மதித்தார்.

இன்றைய நிலை இது. புகைபோக்கியின் மேற்பகுதி இறக்கப்பட்டுவிட்டது, கற்கள் முற்றத்தில் அடுக்கியிருக்கின்றன. நீளக் கொட்டகையின் கீழ்ச் சுவருக்கு மரத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறது. பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு, கொட்டகையை இடிக்காமல் காக்கக் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. நிலத்தை வாங்க இருந்தவர் காத்திருப்பதாகச் சொல்கிறார், எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. சிஞ்ஞோரா கையொப்பமிடவில்லை. கொட்டகை நிற்கிறது.